ஆணுக்கும் 4 கி.மீ., பெண்ணுக்கும் 4 கி.மீ.! ஒன்பதே ஆண்டுகள் நடந்த ஓர் உலகப் பந்தயத்தின் கதை

வடபழனியில் மெட்ரோ ஏறினால் அரும்பாக்கம், சி.எம்.பி.டி., அடுத்தது கோயம்பேடு. மூன்றே நிறுத்தங்கள். தூரம் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர். இதையே காலை ஒன்பது மணிக்கு நூறடி ரோட்டில் ஆட்டோவில் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், வடபழனிக்காரர்கள் சிரிப்பார்கள். அது சிக்னலின் கையில் இருக்கிறது!

இதே நான்கு கிலோமீட்டரை, புல்தரையிலும் மேட்டிலும் பள்ளத்திலும், சுமார் 13 நிமிடங்களில் ஓடி முடித்த பெண்கள் இருக்கிறார்கள். மழை பெய்து தரை சேறாகிவிட்டால் 15 நிமிடம்.

உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில் 1998-ல் தொடங்கி 2006 வரை நடந்த 'ஷார்ட் ரேஸ்' எனப்படும் குறுந்தூர ஓட்டம்தான் அது. ஒன்பதே ஆண்டுகள். அதற்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். இன்று பலருக்கும் ஞாபகம்கூட இல்லாத இந்தப் பந்தயத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அந்தச் சாம்பியன்ஷிப்பில் அன்றைக்கு ஆண்களும் பெண்களும் ஒரே தூரம் ஓடியது இந்த ஒரு பிரிவில்தான்.

கிராஸ் கன்ட்ரி என்றால் என்ன?

ஸ்டேடியத்தில் நடக்கும் ஓட்டத்துக்குச் சமமான டிராக் இருக்கும், கோடு போட்டிருக்கும், ஒரு சுற்று 400 மீட்டர் என்று கணக்கு இருக்கும். கிராஸ் கன்ட்ரியில் இந்த வசதி எதுவும் கிடையாது. பூங்கா, புல்வெளி, குதிரைப் பந்தய மைதானம், மலைச்சரிவு என்று கிடைத்த இடத்தில் பாதை போடுவார்கள். ஏற்றம் வரும், இறக்கம் வரும், சில இடங்களில் காலை இழுக்கும் சேறும் வரும். ஒவ்வொரு ஊரிலும் பாதை வேறு என்பதால் இதில் 'உலக சாதனை' என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு யார் முதலில் வந்தார் என்பது மட்டும்தான் கணக்கு.

இன்னொரு விஷயம், இது தனி ஆள் பந்தயம் மட்டுமல்ல. ஒரு நாட்டின் அணியில் முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். ஒன்று, நான்கு, ஏழு, பத்து என்று வந்தால் மொத்தம் 22. எந்த நாட்டின் கூட்டுத்தொகை குறைவோ, அந்த அணிக்குத் தங்கம். அதனால் பதினைந்தாவது இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணும் கடைசி மீட்டர் வரை விட்டுக்கொடுக்க முடியாது. அவர் ஒருவரை முந்தினால், பதக்கமே கை மாறலாம்.

"பெண்களுக்கு இவ்வளவு போதும்!"

1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே தங்கம் வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் பந்தயத்தை முடித்தார்கள். ஆனால் மறுநாள் வந்த செய்திகள் வேறு கதை சொல்லின. பெண்கள் மயங்கி விழுந்தார்கள், பாதியில் நின்றார்கள், பார்க்கவே பரிதாபமாக இருந்தது என்றெல்லாம் எழுதினார்கள். ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்கியதுகூடக் குற்றமாகிவிட்டது. அதன் பிறகு ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் திரும்ப வந்தது 1960-ல், ரோம் நகரில். இடையில் போனது 32 ஆண்டுகள்!

1500 மீட்டருக்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாரத்தானுக்கு 1984, 10,000 மீட்டருக்கு 1988, 5,000 மீட்டருக்கு 1996. பெண்கள் ஒவ்வொரு படியாகக் கேட்டுக் கேட்டுத்தான் ஏறினார்கள்.

கிராஸ் கன்ட்ரியிலும் இதே கதைதான். ஆண்களுக்கான சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டி 1903-ல் ஸ்காட்லாந்தில் தொடங்கியது. பெண்களுக்கு அதில் அதிகாரபூர்வமான இடம் கிடைத்தது 1967-ல், வேல்ஸ் நாட்டின் பாரி நகரில். அந்த முதல் பந்தயத்தில் வென்ற அமெரிக்கப் பெண் டோரிஸ் பிரவுன், 1971 வரை தொடர்ந்து ஐந்து முறை பட்டத்தை வேறு யாருக்கும் விடவில்லை.

1973-ல் பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் இந்தப் போட்டி உலக சாம்பியன்ஷிப்பாக மாறியது. அப்போது ஆண்களுக்கு 12 கிலோமீட்டர் அளவில். பெண்களுக்கு? நான்கு கிலோமீட்டர் அளவில். மூன்றில் ஒரு பங்கு! அதன் பின் பெண்களின் தூரம் மெல்ல மெல்ல நீண்டு, தொண்ணூறுகளில் ஆறு கிலோமீட்டரைத் தாண்டியது.

மராகேஷ், 1998

இந்த நிலையில்தான் 1998-ல் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் ஒரு மாற்றம் வந்தது. சாம்பியன்ஷிப்பை இரண்டு நாள் ஆக்கினார்கள். பெண்களின் நீண்ட ஓட்டம் எட்டு கிலோமீட்டர் ஆனது. கூடவே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக நான்கு கிலோமீட்டர் 'ஷார்ட் ரேஸ்' சேர்ந்தது. நீண்ட ஓட்டத்தில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 8 என்ற வித்தியாசம் தொடர்ந்தது. ஆனால் ஷார்ட் ரேஸில் இருவருக்கும் சரிசமமாக 4.

டிராக்கில் 1500 மீட்டர் ஓடும் வேகமானவர்களையும் கிராஸ் கன்ட்ரி பக்கம் இழுப்பதுதான் நோக்கம். தூர சமத்துவத்துக்காக யாரும் இதைத் தொடங்கவில்லை. ஆனாலும் சமம் சமம்தானே?

முதல் ஆண்டே ஒருவர் அசத்திவிட்டார். அயர்லாந்தின் சோனியா ஓ'சல்லிவன். 1995-ல் 5,000 மீட்டரில் உலக சாம்பியன். மறு ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர்தான் தங்கம் வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது, உடல்நிலை சரியில்லாமல் இறுதிப் போட்டியில் பாதியிலேயே வெளியேற வேண்டிவந்தது. 'அவ்வளவுதான்' என்று சொன்னவர்களுக்கு அவர் மராகேஷில் பதில் கொடுத்தார். சனிக்கிழமை எட்டு கிலோமீட்டரில் தங்கம். ஞாயிற்றுக்கிழமை நான்கு கிலோமீட்டரிலும் தங்கம். ஒரே வார இறுதியில் இரண்டு உலகப் பட்டம்!

சேற்றில் ஒரு பழிவாங்கல்

1500 மீட்டர்காரர்களை இழுக்கும் திட்டம் பலித்ததா? பலித்தது. 1999-ல் பெல்ஃபாஸ்ட் நகரின் சேற்றில் வென்ற கென்யாவின் ஜாக்லின் மராங்கா, அதற்கு முந்தைய ஆண்டு காமன்வெல்த் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வாங்கியவர். 2000-ல் போர்ச்சுகலின் விலமோராவில் வென்ற எத்தியோப்பியாவின் குட்ரே துலேச்சாவும் 1500 மீட்டர் வீராங்கனைதான்.

2001 போட்டிக்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. அயர்லாந்தின் டப்ளினில் நடக்க வேண்டியது. பிரிட்டன் பக்கம் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால், கடைசி நேரத்தில் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகருக்கு மாற்றினார்கள். அங்கே குதிரைப் பந்தய மைதானம், மழை, முழங்கால் வரை தெறிக்கும் சேறு. சனிக்கிழமை நீண்ட ஓட்டத்தில் இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் முதலிடம், எத்தியோப்பியாவின் கெடே வாமி இரண்டாமிடம். மறுநாள் இருவரும் ஷார்ட் ரேஸிலும் வந்து நின்றார்கள். இந்த முறை வாமி முதலிடம், ராட்கிளிஃப் இரண்டாமிடம். தோற்ற 24 மணி நேரத்துக்குள் அதே சேற்றில் கணக்கைத் தீர்க்க ஒரு வாய்ப்பு! ஷார்ட் ரேஸ் இல்லாமல் இருந்திருந்தால் வாமி ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

34, 35, 36... மாசாயின் ஹாட்ரிக்

இந்தப் பந்தயத்தின் ராணி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், அது கென்யாவின் எடித் மாசாய்தான். சிறைத்துறையில் வேலை பார்த்தவர். பெரும்பாலான வீராங்கனைகள் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கும் வயதில்தான் உலக அரங்குக்கே வந்தார். 2002-ல் டப்ளின், 2003-ல் லோசான், 2004-ல் பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஷார்ட் ரேஸ் தங்கம். அப்போது அவர் வயது முறையே 34, 35, 36!

பிரஸ்ஸல்ஸில் அவருக்கு அடுத்து இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு வயது 18. பெயர் திருனேஷ் திபாபா. ஒரே பந்தயத்தில், ஒரே கோட்டில், தன்னைப்போல் இரண்டு மடங்கு வயதுள்ள ஒருவரை அந்தப் பெண் விரட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். முந்த முடியவில்லை.

அடுத்த ஆண்டு பிரான்ஸின் செயின்ட் கால்மியேவில் திபாபாவின் முறை வந்தது. 19 வயதில் நீண்ட ஓட்டம், ஷார்ட் ரேஸ் இரண்டிலும் தங்கம். சோனியாவுக்குப் பிறகு இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற ஒரே பெண் அவர்தான். அதே ஆண்டு ஹெல்சிங்கி உலகத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டையும் அள்ளினார். எத்தியோப்பியாவின் பெகோஜி என்ற மலையூர்ப் பக்கத்துக்காரர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வென்று, ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண் என்று பெயர் எடுத்த தெரார்து துலு இவருக்கு உறவினர்.

கடைசி ஓட்டம்

2006 ஏப்ரலில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் எத்தியோப்பியாவின் கெலெடே புர்கா வென்றதுதான் கடைசி ஷார்ட் ரேஸ். 2007-ல் கென்யாவின் மொம்பாசாவில் நடந்த போட்டி மீண்டும் ஒரே நாளாகச் சுருங்கியது. நீண்ட ஓட்டம் மட்டும் மிஞ்சியது. ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 8.

ஷார்ட் ரேஸை நிறுத்தியதற்கு நியாயங்கள் இல்லாமல் இல்லை. ஒரு நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்கள் இரண்டு பந்தயங்களுக்குப் பிரிந்துபோனார்கள். 'உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன் யார்?' என்று கேட்டால் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் நடத்துவது செலவும்கூட. ஆனால் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பெண்களும் ஆண்களும் சமமாக ஓடிய ஒரே பந்தயமும் அதோடு போய்விட்டது. அந்த இடம் பத்து ஆண்டுகள் காலியாகவே இருந்தது.

மொம்பாசாவின் வெயிலில் அந்த எட்டு கிலோமீட்டரை வென்றவர் லோர்னா கிப்லகட். கென்யாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடியவர். கென்யாவின் இட்டென் மலையூரில் பெண் ஓட்டக்காரர்களை மனதில் வைத்து ஒரு பயிற்சி முகாமைத் தொடங்கியவரும் இவரே. ஆண்களோடு சேர்ந்திருக்கும் முகாம்களில் சமையலும் பாத்திரமும் பெண்கள் தலையில் விழுந்துவிடும், ஓட்டம் இரண்டாம்பட்சமாகிவிடும் என்பதை அனுபவித்தே உணர்ந்தவர். இந்தக் காரணம் நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பாலாவில் கிடைத்த பதில்

2017-ல் உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த போட்டியில்தான் அந்த மாற்றம் வந்தது. ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கும் 10 கிலோமீட்டர். சாம்பியன்ஷிப்பின் முதன்மைப் பந்தயத்தில் முதல் முறையாகச் சம தூரம்.

"பெண்களால் முடியுமா?" என்ற பழைய கேள்விக்குக் கென்யப் பெண்கள் பதில் சொன்ன விதம் அலாதி. ஐரீன் செப்தாய் முதலிடம். அவருக்குப் பின்னால் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என எல்லா இடங்களிலும் கென்யர்களே! அணிப் பிரிவில் இதைவிட நல்ல கணக்கு வரவே முடியாது. 1, 2, 3, 4... கூட்டினால் 10.

அதே நாளில் ஆண்கள் ஓட்டத்தில் சொந்த ஊர் ரசிகர்களின் ஆரவாரத்தோடு முன்னணியில் ஓடிய உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகி, கடைசிச் சுற்றில் தள்ளாடித் தடுமாறி 30-வது இடத்துக்குப் போனார். மூன்றே ஆண்டுகளில் அவர் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் உலக சாதனை படைத்தார் என்பது வேறு கதை. ஆனால் கம்பாலாவில் அவர் தள்ளாடியதைப் பார்த்து, 'ஆண்களுக்கு 10 கிலோமீட்டர் தாங்காது, தூரத்தைக் குறையுங்கள்' என்று யாரும் எழுதவில்லை. 1928-ல் ஓடி முடித்த பெண்களைப் பற்றி எழுதினார்களே, அதை இதோடு வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

கம்பாலாவில் இன்னொரு புதுமையும் வந்தது. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் சேர்ந்து ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஓடும் கலப்பு ரிலே. ஷார்ட் ரேஸ் தேடிய அதே 1500 மீட்டர்காரர்களுக்கு இப்போது இதுதான் வாசல்.

நம் பெண்கள் எங்கே?

ஆப்பிரிக்கர்களின் கோட்டையான இந்த விளையாட்டில் இந்தியப் பெண்களுக்கு ஆசிய அளவில் நல்ல பெயர் உண்டு. 2018-ல் சீனாவின் குய்யாங் நகரில் நடந்த ஆசிய கிராஸ் கன்ட்ரி போட்டியில் மகாராஷ்டிராவின் நாசிக்கைச் சேர்ந்த சஞ்சீவனி ஜாதவ் எட்டு கிலோமீட்டர் ஓடி வெண்கலம் வென்றார். அதே நாசிக் பகுதியின் பழங்குடி கிராமமான சாவர்பாடாவிலிருந்து வந்தவர் கவிதா ராவத். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதியைச் சேர்ந்த ப்ரீஜா ஸ்ரீதரன் தங்கமும், கவிதா வெள்ளியும் வாங்கினார்கள். இருவருக்கும் இடையே இருந்தது சுமார் ஒரு வினாடி. மேடும் பள்ளமுமான ஊர்கள்தான் இந்தப் பெண்களின் முதல் டிராக்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ரியோ ஒலிம்பிக்குக்கு முன்பு இந்தியாவின் நீண்ட தூர ஓட்டப் பெண்கள் பயிற்சி எடுத்தது ஊட்டியின் குளிரில். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல் இருப்பதால் அங்கே காற்றில் ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைக்கும். அதற்குப் பழகும்போது ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். கீழே இறங்கி ஓடும்போது அது கைகொடுக்கும். எத்தியோப்பியாவின் பெகோஜிக்கும் கென்யாவின் இட்டெனுக்கும் இருக்கும் அதே அனுகூலம் நம் நீலகிரிக்கும் இருக்கிறது. அந்தக் குழுவின் லலிதா பாபர், 2016 ரியோவில் 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். 1984-ல் பி.டி.உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் டிராக் ஓட்டத்தில் ஓர் இந்தியப் பெண் தனிநபர் இறுதிப் போட்டிக்கு வந்தது அப்போதுதான்.

மலையில்தான் பிறக்க வேண்டும் என்பதும் இல்லை. அதே 2016-ல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற எல்.சூர்யா, நம் புதுக்கோட்டைப் பெண். வறண்ட சமவெளியில் வளர்ந்தவர்!

இன்னும் மிச்சமிருக்கும் இரண்டு கிலோமீட்டர்

பெரியவர்களுக்குச் சம தூரம் வந்துவிட்டது. நம் தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியிலும் ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 10 என்றாகிவிட்டது. ஆனால் சிறியவர்களுக்கு?

கம்பாலாவுக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 2024-ல் பெல்கிரேடில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி போட்டியிலும் 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், பெண்களுக்கு 6 கிலோமீட்டர்தான். நம் தேசியப் போட்டியில் 18 வயதுக்குட்பட்ட பிரிவில் பையன்களுக்கு 6, பெண்களுக்கு 4. அதாவது 19 வயதில் 'உனக்கு இரண்டு கிலோமீட்டர் குறைவு' என்று சொல்லப்படும் பெண், 20 வயதைத் தாண்டியதும் திடீரென்று ஆணுக்குச் சமமாக 10 ஓட வேண்டும். இதில் என்ன கணக்கு இருக்கிறது?

ஷார்ட் ரேஸ் நடந்த ஒன்பது ஆண்டுகளில், நான்கு கிலோமீட்டரை ஆணும் பெண்ணும் ஒரே பாதையில் ஓடினார்கள். 18 வயதுப் பெண் ஓடினார், 36 வயதுப் பெண்ணும் ஓடினார். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. பெண்ணால் எவ்வளவு தூரம் முடியும் என்பதில் சந்தேகம் எப்போதும் ஓடியவர்களுக்கு இருந்ததில்லை. அட்டவணை போட்டவர்களுக்குத்தான் இருந்தது.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளையின் பள்ளி விளையாட்டு விழாப் பட்டியல் கைக்கு வந்தால் ஒருமுறை பாருங்கள். பையன்களுக்கு எத்தனை மீட்டர், பெண் பிள்ளைகளுக்கு எத்தனை மீட்டர்? இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், ஏன் என்று பி.டி. சாரிடமோ மேடத்திடமோ கேளுங்கள். 'வழக்கமா அப்படித்தாங்க' என்று பதில் வந்தால், கம்பாலாவில் முதல் ஆறு இடங்களில் வந்த பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள்.